பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்வது யார் வேலை?

கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் சுற்றுவட்டாரத் தெருக்களில் மத்தியான நேரத்தில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வாசல்படிகளில் உட்கார்ந்திருப்பார்கள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றுகிற விரல்கள் ஒரு பக்கம் ஓடும். பேச்சு ஒரு பக்கம் ஓடும். தென்காசி மாவட்டத்தின் இந்தப் பகுதிகளில் பிள்ளை வளர்ப்பு பற்றிய பொதுக்கருத்து உருவாகும் முக்கியமான இடம் இந்த வாசல்படி. எந்த வீட்டுக் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது, எது ஒன்றரை வயதாகியும் எழுந்து நிற்கவில்லை, எது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதெல்லாம் பல சமயம் டாக்டருக்கு முன்பே இங்கே தெரிந்துவிடும். "இன்னும் பேச்சு வரலையா?", "வசம்பு உரசித் தடவினியா?", "எந்தக் கோயிலுக்கு நேர்ந்திருக்கே?" என்று வரும் கேள்விகளில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையின் தாய் ஒரே கேள்விக்கு ஐந்து பேரிடம் பதில் சொல்லியாக வேண்டும். மறுநாளும் அதே ஐந்து பேர் இருப்பார்கள். கொஞ்ச நாளில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுகிறாள். குழந்தையும் கூடவே உள்ளே போகிறது. இந்த நெருக்கடியைப் பற்றி எழுதுகிறவர்கள் தாயின் மன உறுதியைப் போற்றுவார்கள், அல்லது ஊராரின் அறியாமையைக் கடிந்துகொண்டு விழிப்புணர்வு வேண்டும் என்று முடிப்பார்கள். இரண்டிலுமே விஷயம் தாய்க்கும் ஊருக்கும் இடையிலான மனத்தாங்கலாகச் சுருங்கிவிடுகிறது. அங்கன்வாடி, பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்தே பிற பெற்றோரின் அழுத்தம் கூடுகிறது அல்லது தணிகிறது என்பது என் வாதம். அதற்கான சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியிலேயே இருக்கிறது.

முதலில் இந்த அழுத்தம் எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல், களங்கம் பட்டவரோடு நெருங்கியிருப்பவர் மீதும் அந்தக் களங்கம் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதினார். நம் ஊரில் அது எல்லார் மீதும் சமமாக ஒட்டுவதில்லை, அம்மாமீதுதான் ஒட்டுகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் இது துலக்கமாகத் தெரியும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 சதவீதத் திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டிவைத்தது பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு. அத்தை மகனைக் கட்டும் திருமணத்தில் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு வழக்கத்தைவிட 2 முதல் 3 சதவீதப் புள்ளிகள்தான் கூடுதல். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் ஏதாவது ஆகிவிட்டால், முடிவெடுத்த பெரியவர்களிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாளா, மாசமாயிருக்கும்போது என்ன சாப்பிட்டாள் என்றுதான் விசாரணை போகிறது. இதோடு கூலிக் கணக்கும் சேர்கிறது. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் கூலி. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகும் வரை மாவட்டத் தலைநகரம் திருநெல்வேலிதான். சான்றிதழ், அட்டை, பெரிய ஆஸ்பத்திரி என்று எதற்கு அலைந்தாலும் அங்கேதான் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது; தென்காசியிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். போன நாளில் கட்டு குறையும். அன்றைக்கு அவள் இழந்தது என்ன என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. எங்கோ போய்விட்டு வந்தாள் என்பது மட்டும் தெரியும்.

பாவம், சாபம், பூர்வஜென்மம் என்ற பேச்சு படிப்பறிவில்லாதவர்களுடையது என்று நினைப்பது நமக்குச் சௌகரியமான பொய். 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பேச அழைக்கப்பட்ட மகாவிஷ்ணு என்ற பேச்சாளர், உடல் குறைபாட்டை முற்பிறவி வினையோடு இணைத்துப் பேசினார். அங்கேயே எழுந்து மறுத்தவர் பார்வையற்ற தமிழாசிரியர் சங்கர். காணொளி பரவிய பிறகு பேச்சாளர் கைது செய்யப்பட்டார்; தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார். நடவடிக்கை சரிதான். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. தலைநகரின் நடுவில், அரசுப் பள்ளியில், மைக் கொடுத்து, மாணவிகளை உட்காரவைத்து அந்தப் பேச்சு பேசவைக்கப்பட்டது. வாசல்படியில் முணுமுணுப்பாக இருப்பதற்கு ஒரு நிறுவனம் மேடை போட்டுக் கொடுத்தது. மாற்றுத்திறனாளி ஒருவர் அதே பள்ளியில் ஆசிரியராக இருந்ததால் அந்த மேடையிலேயே மறுப்பும் எழுந்தது. அவர் அங்கே இல்லாமலிருந்தால் கூட்டம் கைதட்டிக் கலைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வசைபோல் வருவதைவிட அக்கறைபோல் வருகிற அழுத்தம் இன்னும் கனமானது. குற்றால அருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் தெளியும் என்பது பழைய நம்பிக்கை. மூலிகைகளைத் தழுவி வரும் தண்ணீர் என்ற பெயரும், சாரல் காலத்தில் ஊரெங்கும் நடக்கும் எண்ணெய் மசாஜும் அந்த நம்பிக்கைக்கு இன்றும் தீனி போடுகின்றன. குளியலும் எண்ணெயும் பெரிய கேடு செய்துவிடப் போவதில்லை. இறுகிய தசைக்கு இதமாகக்கூட இருக்கலாம். சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. "அங்கே கூட்டிட்டுப் போனாங்க, அந்தப் பிள்ளை இப்ப நடக்குது, நீ ஏன் போகலை?" என்று ஒரு தாய் இன்னொரு தாயைக் கேட்கும்போது, குணமாகாமல் இருப்பதே அலட்சியத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. இப்படிக் கேட்பவர்களில் ஊனமுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் உண்டு. நடக்கிற பிள்ளையின் அம்மா, நடக்காத பிள்ளையின் அம்மாவைவிட ஒரு படி மேலே உட்கார்ந்துகொள்கிறாள். பேசுகிற பிள்ளையின் அம்மா அதற்கும் மேலே. சிகிச்சை மையங்களின் காத்திருப்புப் பெஞ்சில் இந்த வரிசை சொல்லாமலே அமைந்துவிடும். நகரங்களில் இதே போட்டி ஸ்டெம் செல் சிகிச்சை வரை போய் நகையை அடகு வைக்க வைத்தது. ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் அறிவிக்க வேண்டி வந்தது. மூளை முடக்குவாதம் குணமாகிற நோயல்ல, ஆனால் பயிற்சியால் குழந்தையின் வாழ்க்கை பெரிதும் மாறும் என்று அதிகாரத்தோடு சொல்ல ஊருக்குள் யாரும் இல்லாத இடத்தில், பக்கத்து வீட்டின் வாக்குதான் மருத்துவ ஆலோசனையாகிறது.

பள்ளிக்கூடத்தில் இந்த அழுத்தம் எழுத்துவடிவம் பெறுகிறது. சேர்க்கைக்குப் போகும் தாயிடம் எந்தப் பள்ளியும் "உங்கள் பிள்ளை வேண்டாம்" என்று சொல்வதில்லை, சட்டம் தெரியும். "எங்களுக்கு ஒண்ணுமில்லைம்மா, மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளைன்ட் பண்ணுவாங்க" என்றுதான் சொல்கிறார்கள். இந்த மற்ற பெற்றோர் யார், எத்தனை பேர், உண்மையிலேயே புகார் சொன்னார்களா என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில் நடந்ததை இங்கே வைத்துப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனைப் பயணிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி இண்டிகோ நிறுவனம் விமானத்தில் ஏற்ற மறுத்தது. அந்தப் பயணிகளோ குடும்பத்துக்காகப் பரிந்து பேசினார்கள். அவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். பின்னர் நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. யாருடைய பெயரால் மறுக்கப்பட்டதோ அவர்களே மறுப்புக்கு எதிராக நின்றார்கள். பெற்றோரின் மனநிலை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து டி போயர், பெயில், மின்னார்ட் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. ஊனமில்லாத பிள்ளைகளின் பெற்றோர் பொதுவாகச் சேர்ந்து படிப்பதை ஆதரிக்கிறார்கள் அல்லது நடுநிலையாக இருக்கிறார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு, நடத்தைச் சிக்கல் என்று வரும்போதுதான் தயங்குகிறார்கள். தயக்கம் இருப்பது மெய். ஆனால் பள்ளி அலுவலகம் அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டித் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

அந்தத் தயக்கத்துக்கு நியாயம் உண்டா? உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். என் பிள்ளையின் படிப்பு கெடாதா என்று கேட்கும் தகப்பனைக் கல்நெஞ்சக்காரன் என்று ஒதுக்குவது வாதமாகாது. 2007இல் கலம்பூக்காவும் சக ஆய்வாளர்களும் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் உடனிருப்பதால் மற்றவர்களுக்கு ஏற்பட்ட விளைவுகளில் 81 சதவீதம் நல்லதாகவோ வேறுபாடற்றதாகவோ இருந்தது. மீதியையும் மறைக்கக் கூடாது. கடுமையான உணர்வுச் சிக்கலுள்ள குழந்தை இருக்கும் வகுப்பில் தொடக்கநிலைப் பிள்ளைகளின் வாசிப்பு, கணக்கு மதிப்பெண்கள் சற்றே குறைவதை ஜேசன் ஃப்ளெட்சர் 2010இல் அமெரிக்கத் தரவுகளில் காட்டினார். நம் நாட்டிலிருந்தே ஓர் ஒப்புமை கிடைக்கிறது. ஊனம் பற்றியது அல்ல, ஆனால் பிற பெற்றோரின் அதே அச்சம் பற்றியது. டெல்லியின் வசதியான தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கிய 2007ஆம் ஆண்டு விதியின் விளைவைக் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார். கூடப் படித்த வசதியான பிள்ளைகள் அதிக ஈகையோடும் குறைந்த பாகுபாட்டோடும் நடந்துகொண்டார்கள். ஆங்கில மதிப்பெண்ணில் சிறு சரிவு தெரிந்தது. கணக்கிலும் இந்தியிலும் எதுவும் மாறவில்லை. ஆக, அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. அது மிகைப்பட்டது என்று சொல்லலாம். ஆதாரமுள்ள பகுதியும், எந்த ஊனம் என்பதைவிட, ஆசிரியருக்குத் துணை இருக்கிறதா என்பதைச் சார்ந்தே பெரிதும் நிற்கிறது. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஒன்றிய வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநரோ பல பள்ளிகளுக்குப் பொது. முறை வைத்துத்தான் வருவார். அவர் வராத நாளில் ஒரு குழந்தை கத்தினால் வகுப்பு நின்றுவிடும். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும் பிள்ளை ஆள் பற்றாக்குறை என்று சொல்லாது. அந்தப் பையனின் பெயரைத்தான் சொல்லும்.

இப்போது ஆய்க்குடி. அந்த ஊர்க்காரரான எஸ். ராமகிருஷ்ணன் 1975 ஜனவரியில், பொறியியல் மாணவராக இருந்தபோது, பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். ஊனமுற்றோர் ஆண்டாக ஐ.நா. அறிவித்த 1981இல், தமக்குச் சிகிச்சை அளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள கணக்குத் தணிக்கையாளர் எஸ். சங்கரராமன் பின்னர் சென்னையை விட்டு வந்து சேர்ந்துகொண்டார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் அடிக்கடி எழுதப்பட்டவை. எழுதுகிறவர்கள் தனிமனித வெற்றிக் கதையாக முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே நடக்கும் சிவ சரஸ்வதி வித்யாலயா பள்ளி. வழக்கமான ஒருங்கிணைப்பில் ஒரு சாதாரணப் பள்ளிக்குள் ஊனமுள்ள ஒரு பிள்ளையை இடம் கேட்டு நுழைக்க வேண்டும். இடம் கொடுப்பவர்கள் மற்றவர்கள். இங்கே மாற்றுத்திறனாளிகள் நடத்தும் வளாகத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். அங்கே தன் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், சக்கர நாற்காலியும் கேலிப்பரும் இருக்கும் என்று தெரிந்தே சேர்க்கிறார். கிட்டத்தில் ஒரு நல்ல பள்ளி வேண்டும் என்ற சாதாரண ஆசைதான் அவரைக் கூட்டிவருகிறது. ஒப்புக்கொள்ள வேண்டியவர் யார் என்பது அங்கே தலைகீழாகிவிடுகிறது. அந்தப் பள்ளியில் "மத்த பேரன்ட்ஸ்" என்ற சாக்கு எடுபடாது.

சங்கத்தின் தொடக்கநிலைத் தலையீட்டுத் திட்டமும் இதே வழியில் வேலை செய்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர், பெரும்பாலும் பெண், வீடு தேடிப் போகிறார். குழந்தையை எப்படி உட்காரவைப்பது, கரண்டியை எந்தப் பக்கமிருந்து கொடுத்தால் தலை பின்னால் சாயாது, தூக்கும்போது இறுகிய கால்களை எப்படி விரித்து இடுப்பில் வைப்பது என்று தாயின் கையைப் பிடித்துக் காட்டுகிறார். 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் குழந்தையின் நிலையையும் அடுத்த இலக்கையும் பதிகிறார்; சிகிச்சை வல்லுநர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். இந்தத் திட்டத்தைப் பற்றி 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பணியாளர்களின் வேலைச்சூழல், குடும்பத்தின் ஈடுபாடு, பள்ளிச் சேர்க்கை ஆகிய மூன்றையும் சேர்த்தே அளவுகோலாக வைத்தது. வேறோர் ஆய்வு பராமரிப்பவரின் மனச்சுமையைக் கணக்கிலெடுத்தது. குழந்தை எத்தனை அடி நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளாத இந்த அளவுகோல்கள் சரியானவை. இதில் அளவுகோலுக்குள் வராத ஒரு பலனும் உண்டு. குறிப்பிட்ட நாளில் கையில் கருவியோடு ஒருவர் வீட்டுக்கு வந்துபோவதைத் தெரு முழுக்கப் பார்க்கிறது. வசம்பு யோசனை சொன்ன பக்கத்து வீட்டுப் பெண் இப்போது அந்தப் பணியாளரிடம் சந்தேகம் கேட்கலாம். பதில் சொல்லும் வேலை தாயின் தலையிலிருந்து இறங்கி, அதற்காகவே சம்பளம் வாங்குகிற ஒருவரிடம் போகிறது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஊரில் வேரூன்றிய தொண்டு நிறுவனத்தைக் காட்டி மாவட்டத்துக்கே விதி சொல்ல முடியுமா என்று கேட்கலாம். ஆய்க்குடியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் ஏற்கெனவே பரந்த மனம் உள்ளவர்களாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் பள்ளி தேடும் பெற்றோர் தூரம், கட்டணம், தேர்வு முடிவு ஆகியவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். தங்கள் மனப் பரப்பை அளந்துவிட்டு யாரும் விண்ணப்பம் வாங்குவதில்லை. சங்கத்தை அப்படியே நகலெடுக்க முடியாது என்பதை ஏற்கிறேன். நகலெடுக்க வேண்டியதும் சங்கத்தை அல்ல. ஊனமுள்ள பெரியவர்கள் பொறுப்பில் இருப்பது, குறித்த நாளில் வந்துபோகும் பணியாளர் இருப்பது ஆகிய இரண்டையும் அரசு நினைத்தால் எந்த ஒன்றியத்திலும் செய்ய முடியும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பதுதான் நல்லதா? பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்தோருக்கும் பார்வையற்றோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி பேசும் தோழர்கள் வேண்டும். ஊர்ப் பள்ளியில் அவளுக்குப் பேச்சுத்துணை ஒருவர்கூட இல்லாமல் போகலாம். அவளுக்குச் சிறப்புப் பள்ளிதான் ஊர். இதை நான் முழுதாக ஏற்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற தேர்வைக் குழந்தையின் பக்கமே விடுகிறது. நான் அஞ்சுவது தேர்வு என்ற பெயரில் நடக்கும் வெளியேற்றத்தை. கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள குழந்தை விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்றது. நகரவே முடியாத குழந்தைக்கு இது வரப்பிரசாதம். ஆனால் மற்ற பெற்றோரின் புகாருக்குப் பயந்த தலைமையாசிரியருக்கும் இதே பிரிவு கைகொடுக்கிறது. "வீட்டிலேயே டீச்சர் வருவாங்க, உங்களுக்கும் அலைச்சல் இல்லை" என்று அன்பாகச் சொன்னால் போதும். களைத்துப்போன தாய் கையெழுத்துப் போடுவாள். பதிவேட்டில் அது பெற்றோரின் விருப்பம் என்று இருக்கும். குழந்தை வருகைப் பதிவில் உண்டு, வகுப்பறையில் கிடையாது. பெயர் இருப்பதால் இடைநின்ற பிள்ளைகளின் கணக்கிலும் வராது.

பிற பெற்றோரின் அன்றாட ஒதுக்கல்களில் தண்டனைச் சட்டம் எட்டிப் பார்க்காது. 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. மேடையில் பேசியவர்மீது இது பாயும். பிறந்தநாளுக்கு வகுப்பில் எல்லாரையும் அழைத்துவிட்டு ஒரு பிள்ளையை மட்டும் விட்டவர்மீதும், ஆட்டோவில் அந்தப் பையன் பக்கத்தில் என் மகளை உட்காரவைக்காதே என்று டிரைவரிடம் தனியாகச் சொன்னவர்மீதும் பாயாது, பாயவும் வேண்டாம். பிற பெற்றோரோடு நேருக்கு நேர் பேசச் சட்டமே அமைத்த இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 2012 திருத்தம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் அமைக்கப்பட்ட, இருபது பேர் கொண்ட குழுக்களில் பதினைந்து பேர் பெற்றோராக இருந்தார்கள். சிறப்புப் பயிற்றுநர் ஏன் வாரக்கணக்கில் வரவில்லை, சரிவுப்பாதை ஏன் கழிப்பறை வரை போகவில்லை, வீட்டுவழிக் கல்வி என்று எழுதப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் உண்மையில் நகர முடியாதவர்கள் எத்தனை பேர் என்பவை அந்தக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டிய கேள்விகள். அவற்றை எழுப்பும் பொறுப்பையும் அந்த ஒரு தாயிடமே விட்டுவிடக் கூடாது. வகுப்பு நின்றுபோகிறது என்று புகார் சொல்லும் தகப்பனுக்கும் அந்தப் பயிற்றுநர் வருவதில் அதே அளவு ஆதாயம் இருக்கிறது. முதல் கேள்வியை அவரே கேட்கலாம்.